சோளகத்துக்கு முதுகு, வாடைக்கு வாய்

தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பிய நாளில் கிளிநொச்சிப் பக்கம் உதைபந்தாட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கோல்காப்பாளர் ஓங்கி உதைத்த பந்து பாதி வழியில் மேலேயே நின்றுவிட்டு, அவரை நோக்கித் திரும்பி வரும். இடைவேளைக்குப் பிறகு மற்ற அணிக்கும் அதே கதி என்பதால் யாரும் முறையிடுவதில்லை. பார்வையாளர் அரங்கின் தகரத்துக்குத்தான் பக்கம் மாறும் வசதி கிடையாது.

காற்று கூரையை அமுக்கும் என்று நினைக்கிறோம். அரங்கில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். முன்பக்கம் திறந்த அரங்குக்குள் புகும் காற்று பின்சுவரில் முட்டி, போக வழியில்லாமல் கூரையை அடியிலிருந்து தள்ளும். அதே நேரம் விளிம்பைத் தாண்டி மேலால் பாயும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்துக் கூரையை உறிஞ்சும். ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த இழுப்பு மோசம். பறந்து விழுந்த தகரமொன்றை எடுத்துப் பாருங்கள், ஆணி இருந்த ஓட்டை கிழிந்து விரிந்திருக்கும். ஆணி மரத்திலேயே நிற்க, தகரம் மட்டும் அதன் தலையைக் கடந்து வந்திருக்கிறது. ஓரத்தில் ஆணியை நெருக்கி, அகலமான வாசர் போட்டு அடிப்பது இதற்காகத்தான்.

வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. மணிக்கு 60 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றரில் சுமார் 17 கிலோ பாரம் அளவுக்குத் தள்ளும். 120 என்றால் 68 கிலோ. அந்தச் சதுர மீற்றர் மெல்லிய தகரமோ 5 கிலோகூட வராது. ஆகவே தகரம் முதல் அத்திவாரம் வரை எல்லாம் ஒன்றையொன்று கீழ்நோக்கிப் பிடித்திருக்க வேண்டும். 2022 ஜூன் 30 அன்று காலி நகரின் கிரிக்கெட் மைதானத்தில் காற்றும் மழையும் ஒரு தற்காலிக அரங்கைச் சரித்தன. நல்லவேளை, அப்போது அதில் ஆட்கள் இருக்கவில்லை.

சரி, அரங்கின் முதுகைச் சோளகத்துக்குக் கொடுத்துவிட்டால்? பின்னேர வெயிலுக்காக மேற்கே கட்டுவதும் வழக்கம்தானே. ஆனால் அப்போது திறந்த வாய் வடகிழக்குக் காற்றான வாடையைப் பார்க்கும். புயல் பெரும்பாலும் வருவதோ வாடைக் காலத்தில்தான். புரவிப் புயல் இலங்கையின் வடக்கைக் கடந்ததும் 2020 டிசம்பரில். புயல் நகர நகரக் காற்றின் திசையும் திரும்பும்.

என் கணக்கில், பின்சுவரைக் கூரை வரை எழுப்பாமல் மேலே இடைவெளி விடுவது நல்லது. பனைமட்டை வேலி முழுச் சுவரைப்போல் சாயாமல் நிற்பதும் காற்றைக் கொஞ்சம் உள்ளே விடுவதால்தான். மாரியில் பின்வரிசைக்காரர் நனைவார்கள், குடை கொண்டு வரட்டும்.