ஈரம் காயத் தெரிந்த வீடுகள்

கையடக்கமான ஒரு மீட்டர். தலையில் இரண்டு ஊசிகள். அவற்றைச் சுவரின் மரச்சட்டத்தில் குத்தினால், ஒரு ஊசியிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் துளியூண்டு ஓடப் பார்க்கும். காய்ந்த மரம் அதை லேசில் விடாது, ஈர மரம் விட்டுவிடும். எவ்வளவு ஓடியது என்பதை வைத்து, காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் உள்ளே எத்தனை சதவீதம் தண்ணீர் என்று திரையில் ஓர் எண் வரும்.

வெள்ளம் புகுந்து வடிந்த மர வீட்டின் தலையெழுத்து இந்த எண்ணில்தான் இருக்கிறது. 30-ஐ ஒட்டி நின்றால் மரத்தை உளுக்கும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 20-க்குக் கீழே வந்துவிட்டால் அது செயலற்றுப் போகும். அப்புறமும் பொறுமையாக 16 வரை இறங்கவிட்டு, அதற்குப் பிறகு சுவரை மூடினால் நிம்மதி. வீட்டுக்காரர்களுக்கு அந்தக் காத்திருப்பு கொடுமைதான். ஊரெல்லாம் திரும்பி வருகிறது, நம் வீடு மட்டும் எலும்புக்கூடாக நிற்கிறதே என்று தோன்றும். ஆனால் அவசரப்பட்டு மூடிய சுவருக்குள் அடைபட்ட ஈரம் வெளியே வர வழி தேடும். கிடைக்காவிட்டால் உள்ளேயே தன் வேலையைத் தொடங்கிவிடும்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஹோலி கிராஸ் என்று ஒரு பழைய குடியிருப்பு இருக்கிறது. லோயர் நைன்த் வார்டு என்ற பெரிய பகுதியின் ஆற்றோரத் துண்டு அது. 1986-இலேயே அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களுக்கான தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது. கப்பலோட்டும் குடும்பம் ஒன்று 1905-இலும் 1913-இலும் கட்டிய, நீராவிக் கப்பலைப் போலவே தோற்றம் தரும் இரண்டு வீடுகள் அங்கே இன்றும் நிற்கின்றன. ஆறு கரைபுரளும்போது முதலில் கரையோரத்தில்தான் கனமான மணலையும் வண்டலையும் போட்டுவிட்டுப் போகும். ஆயிரமாயிரம் வெள்ளங்களில் அப்படிச் சேர்ந்ததால் ஆற்றோர நிலம் மேடாகவும், ஆற்றைவிட்டுத் தள்ளிப் போகப் போகத் தாழ்வாகவும் இருக்கும். முன்னோர்கள் மேட்டைப் பார்த்துத்தான் வீடு கட்டினார்கள்.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் வந்தது. லோயர் நைன்த் வார்டை ஒட்டிய இண்டஸ்ட்ரியல் கேனல் என்ற கப்பல் கால்வாயின் தடுப்புச் சுவர் உடைந்து, ஒரு பெரிய சரக்குப் படகையே ஊருக்குள் தள்ளிக்கொண்டு வந்தது தண்ணீர். உடைப்புக்கு நேர் எதிரே இருந்த வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. மேட்டில் இருந்த ஹோலி கிராஸும் தப்பவில்லை, ஆனால் வீடுகள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றன. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ரீட்டா புயலில் அதே பகுதி மறுபடியும் மூழ்கியது.

அடுத்த ஆண்டே குடியிருப்போர் சங்கத்தினர், சூழலுக்கு இசைவான மறுகட்டுமானத்துக்கென ஒரு மையத்தைத் தொடங்கினார்கள். பழைய வீடுகளை இடிக்காமல், மின்சாரச் செலவைக் குறைத்து, மீண்டும் குடியேற வேண்டும் என்பது அவர்களது பிடிவாதம். இளம் கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் சேர்ந்து அமைத்த ஹிஸ்டாரிக் கிரீன் என்ற தன்னார்வக் குழு, 2008 மார்ச்சில் அவர்களோடு கைகோத்தது. கல்லூரி மாணவர்கள் வசந்த கால விடுமுறையில் கடற்கரைக்குப் போவதற்குப் பதில் இங்கே வந்து பரணிலும் தரைக்கு அடியிலும் ஊர்ந்து வேலை செய்தார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அந்த ஊர்தல்தான். ஏனென்றால் ஒரு வீட்டின் அறிவியல் முழுவதும் பரணிலும் தரைக்கு அடியிலும்தான் ஒளிந்திருக்கிறது.

அந்த ஊரின் பழைய வீட்டை ஷாட்கன் வீடு என்பார்கள். அகலம் பன்னிரண்டு அடி போல இருக்கும். அறைகளுக்கு வெளியே தனியாக நடைவழி கிடையாது. ஓர் அறைக்குப் பின்னால் இன்னோர் அறை என்று ரயில் பெட்டி மாதிரி நீளும். முன்வாசலையும் பின்வாசலையும் திறந்துவிட்டால் காற்று வீட்டின் முழு நீளத்தையும் கழுவிக்கொண்டு போகும். உயரமான மேற்கூரைக்குக் கீழே வெப்பக் காற்று மேலேறித் தங்கிவிடும், மனிதர்கள் இருக்கும் கீழ்ப்பகுதி கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். வீடு முழுவதும் செங்கல் தூண்களின்மேல் இரண்டு மூன்று அடி தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும். சிறிய வெள்ளம் வந்தால் அடியிலேயே ஓடிவிடும். பெரிய வெள்ளம் உள்ளே புகுந்தாலும், வடிந்த பிறகு தரைப்பலகையின் இரண்டு பக்கமும் காற்றுப் படும்.

மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லூசியானாவின் சதுப்புக் காடுகளில் தண்ணீருக்குள்ளேயே நின்று பல நூறு ஆண்டுகள் வளர்ந்த சைப்ரஸ் மரங்கள் அவை. மெதுவாக வளர்ந்ததால் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும். வைரம் பாய்ந்த உட்கட்டையில் பூஞ்சையையும் பூச்சியையும் அண்டவிடாத எண்ணெய்ப் பொருள்கள் ஊறியிருக்கும். வெட்டப்பட்டு ஆற்றில் மூழ்கிப்போன கட்டைகளை நூறு ஆண்டு கழித்து எடுத்து அறுத்தாலும் பலகை நன்றாக வரும். இன்னும் பழைய சில வீடுகளில் சுவரே படகுப் பலகைதான். நீராவிக் கப்பல்கள் வருவதற்கு முன், வடக்கிலிருந்து சரக்கை ஏற்றிக்கொண்டு ஆற்றோடு மிதந்து வந்த தட்டைப் படகுகளால் எதிர்நீரோட்டத்தில் திரும்பிப் போக முடியாது. அதனால் வந்த இடத்திலேயே பிரித்து மரமாக விற்றுவிடுவார்கள். அந்தப் பலகைகள் வீட்டுச் சுவர்களாயின. தண்ணீரில் வந்த மரம் தண்ணீருக்கு அஞ்சவில்லை.

அந்தச் சுவரின் உட்பக்கத்தில் மெல்லிய மரப்பட்டிகளை இடைவெளி விட்டு அடித்து, மேலே காரை பூசியிருப்பார்கள். காரையும் நனையும், ஊறும், ஆனால் அதில் பூஞ்சை தின்ன ஒன்றும் இல்லை. ஈரத்தை மெதுவாக வெளியே விட்டுவிடும். இப்போது எல்லா வீட்டிலும் அடிக்கும் ஜிப்சம் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முகங்களிலும் காகிதம். நனைந்த காகிதம் பூஞ்சைக்குப் பரிமாறிய இலை. ஓரிரு நாளிலேயே முளைக்கத் தொடங்கும். கீழ் முனை மட்டும் தண்ணீரில் நின்றாலும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல ஈரத்தை மேலே இழுத்துக்கொள்ளும். வெள்ளம் வந்தால் ஜிப்சம் போர்டைப் பிய்த்து எறிவது சரிதான். மீட்புப் பணியின் பதற்றத்தில் அதே கடப்பாரை நல்ல காரைச் சுவர்களையும் பெயர்த்துப் போட்டுவிடும், அதுதான் வேதனை. எதைக் கழற்ற வேண்டும், எதைக் கழுவிக் காயவிட்டால் போதும் என்று தெரிந்த ஒருவர் தன்னார்வலர்கள் பக்கத்தில் நிற்பது, பத்துப் பேர் கூடுதலாக வேலைக்கு வருவதைவிட மேல்.

சரி, பழைய வீடு அவ்வளவு கெட்டியானது என்றால் அப்படியே விட்டுவிடலாமே? முடியாது. இன்று அந்த வீட்டுக்குள் ஏசி ஓடுகிறது. காற்று ஓட வேண்டும் என்றே இடுக்கு இடுக்காகக் கட்டிய வீட்டில் ஏசி போட்டால், குளிர்ந்த காற்றோடு பணமும் வெளியே போகும். இடுக்குகளை அடைக்க வேண்டும், கூரைக்கும் தரைக்கும் வெப்பக் காப்பு வைக்க வேண்டும். காயும் வழியை மூடிவிடாமல் இதைச் செய்வதில்தான் சூட்சுமம்.

தரையைப் பார்ப்போம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே கதை. நியூ ஆர்லியன்ஸின் கோடைக் காற்றில் அவ்வளவு நீராவி இருக்கும். 24 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது தண்ணீராகப் படிந்துவிடும். வீட்டுக்குள் ஏசியை 22-இல் வைத்திருந்தால் தரைப்பலகை டம்ளர் ஆகிவிடுகிறது. அடியிலிருந்து வரும் புழுக்கமான காற்று அதில் பட்டு ஈரமாகிறது. இங்கேதான் நல்லெண்ணத்தோடு ஒரு தவறு நடக்கும். உத்தரங்களுக்கு நடுவே கண்ணாடி இழைப் பஞ்சைத் திணித்துவிடுவார்கள். பஞ்சு வெப்பத்தைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. கீழே இருக்கும் சூடு இப்போது பலகைக்கு எட்டாததால் பலகை முன்னைவிடக் குளிர்ந்துபோகும். நீராவி மட்டும் பஞ்சை ஊடுருவிப் போய் அந்தக் குளிர்ந்த மரத்தில் தங்கிவிடும். மேலே தரையில் வினைல் விரிப்பும் ஒட்டியிருந்தால் மரம் இரு பக்கமும் மாட்டிக்கொண்டது.

புயலுக்குப் பிறகு தெற்கு லூசியானாவில் பன்னிரண்டு வீடுகளில் இதை அளந்தே பார்த்தார்கள். பஞ்சு வைத்த தரைகளில், ஏசியைக் குளிரக் குளிர வைத்த வீடுகளில் கோடையில் பலகையின் ஈரம் ஏறிக்கொண்டே போனது. நீராவியை விடாத அடர்ந்த ஃபோமைக் கீழிருந்து தெளித்து ஒட்டிய தரைகள் காய்ந்தே இருந்தன. ஃபோம் வெளிப்பக்கமாகவே நீராவியை நிறுத்திவிடும், அப்போது மரத்துக்கு அறைப் பக்கமாகக் காயும் வழி ஒன்று மிஞ்சும். அதையும் வினைல் போட்டு மூடாமல் இருந்தால் போதும். ஃபோமுக்கும் ஒரு குறை உண்டு. அந்த நகரத்தில் ஃபார்மோசன் கரையான் பெரும் தொல்லை. ஃபோமுக்குப் பின்னால் அது ஊர்வது கண்ணில் படாது. அதனால் தூண்களின் தலைப்பகுதியை மூடாமல் விட்டு அவ்வப்போது டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

பரண் வேலை இவ்வளவு சிக்கல் இல்லை. வெயிலில் கூரை 60 டிகிரியைத் தாண்டிக் காயும்போது, அடுப்புத் தணல் எட்ட இருந்தே சுடுவது போல அது கீழ்நோக்கி வெப்பத்தை வீசும். கூரைச் சட்டங்களின் அடியில் பளபளக்கும் அலுமினியத் தாளை அடித்துவிட்டால் அந்த வீச்சில் பெரும்பகுதி நின்றுவிடும். சாதாரணப் பரப்பு வீசுவதில் ஐந்து சதவீதம் போலத்தான் அலுமினியம் வீசும். தாளை ஒட்டிக் காற்று இடைவெளி இருக்க வேண்டும், எதையாவது அதன்மேல் அழுத்தி வைத்தால் வெப்பம் தொட்டுக் கடந்துவிடும். புதியவர்கள் அரை நாளில் கற்றுக்கொள்ளக் கூடிய வேலை. வேர்வையில் குளித்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

ஜன்னல் வேலைக்கு மட்டும் பொறுமை வேண்டும். மேலும் கீழும் நகரும் சைப்ரஸ் சட்டங்கள். பக்கவாட்டு மரப்பெட்டிக்குள் கயிற்றில் தொங்கும் இரும்பு எடைக்கல் ஒவ்வொரு சட்டத்தையும் சமநிலையில் பிடித்திருக்கும். வெள்ளத்துக்குப் பின் பெரும்பாலும் பழுதாவது கயிறும், கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடித்திருக்கும் மக்கு என்ற பசையும்தான். பழைய மக்கைச் சுரண்டி, லேசாக அலையடிக்கும் பழைய கண்ணாடியை உடையாமல் எடுத்து, சட்டத்தில் உளுத்த துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டு, புது மக்கு வைத்து, ஓரத்தில் காற்றடைப்புப் பட்டை பதித்தால் இன்னும் பல பத்தாண்டு உழைக்கும். ஒவ்வொரு பாகமும் தனித்தனியே கழலும், தனித்தனியே சரியாகும். அடைத்து முத்திரையிட்ட இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் முத்திரை போனால் உள்ளே பனிபடர்ந்துவிடும், அந்தக் கண்ணாடிப் பலகையை அப்படியே மாற்ற வேண்டியதுதான்.

அதே லோயர் நைன்த் வார்டின் வடபகுதியில், நடிகர் பிராட் பிட் 2007-இல் தொடங்கிய அமைப்பு 109 புதிய பசுமை வீடுகளைக் கட்டியது. நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன், வீடிழந்தவர்களுக்கு அப்போது கை கொடுத்தவர்கள் குறைவு. ஆனால் ரசாயன நஞ்சு வேண்டாம் என்று கண்ணாடிச் சேர்மம் ஊட்டிப் பதப்படுத்திய ஒரு புதுவகை மரத்தைப் படிக்கட்டுகளுக்கும் முன்தாழ்வாரத் தளங்களுக்கும் போட்டார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த ஈரக் காற்றில் மரம் உளுத்தது. சில வீடுகளில் மழையைத் தள்ளிவிடும் அகலமான இறவாரம்கூட இல்லை. வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஹோலி கிராஸின் பழைய வீடுகளில் இறவாரம் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். அதை வடிவமைத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் மழை தெரிந்தவர்.

லோயர் நைன்த் வார்டின் வடக்கு எல்லையில், கரைச் சுவருக்கு அப்பால் பயூ பியென்வெனு என்ற உப்பங்கழி இருக்கிறது. ஒரு காலத்தில் அடர்ந்த சைப்ரஸ் காடு. புயல் கடலைத் தள்ளிக்கொண்டு வரும்போது அலையின் வேகத்தை உடைத்தது இந்தக் காடுதான். கப்பல்களுக்குக் குறுக்கு வழி வேண்டும் என்று 1960-களில் வெட்டி முடித்த கால்வாய் கடலின் உப்பை உள்ளே கொண்டுவந்தது, மரங்கள் பட்டுப்போயின. 2009-இல் பாறைகளைக் கொட்டி அந்தக் கால்வாயை அடைத்தார்கள். கரைச் சுவர்மேல் ஏறி நின்றால் இப்போதும் பார்க்கலாம்: திறந்த தண்ணீர்ப் பரப்பு, அதில் வரிசை வரிசையாகச் சாம்பல் நிற மரக்கட்டைகள். பல பத்தாண்டுகளுக்கு முன்பு செத்த மரங்கள். இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்றும் இன்னும் உளுக்கவில்லை.