"என்னை யாரும் அடிக்கல" என்று சொல்லும் முதியவர்கள்

முதியோர் நலனுக்கான சமூகப் பணியில் இருக்கிறேன். வீடு வீடாகப் போய் வயதானவர்களிடம் பேசுவதுதான் அன்றாட வேலை. கையில் இருக்கும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: "வீட்டில் உங்களை யாராவது கொடுமைப்படுத்துகிறார்களா?" எல்லாரும் எல்லாரையும் அறிந்த சின்ன ஊர்களில் இதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான். "சேச்சே, என்னை யாரும் அடிக்கலையே." 'இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். அப்படிப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரும் அதே பதிலைத்தான் சொன்னார். பென்ஷன் பணத்தை யார் எடுத்து வருகிறார்கள் என்று கேட்டேன். "மகன்தான். கார்டு அவன்கிட்டயே இருக்கு." மாதம் எவ்வளவு வருகிறது? "அதெல்லாம் நான் கேக்கிறதில்லம்மா." அவர் போட்டிருந்த மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பி ஒடிந்து, நூலால் கட்டியிருந்தது. மாற்றித் தரச் சொல்லிப் பல மாதமாகிறதாம். அதைக்கூட அவர் குறையாகச் சொல்லவில்லை. கிளம்பும் நேரத்தில்தான் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்கு யாராவது வந்தா என்னை உள்ளே போய்ப் படுக்கச் சொல்றாங்க. அதுதான் தாங்க முடியல."

பணம் மகன் கையில் இருப்பதை அவர் பிள்ளைக்கு உரிய பாத்தியதையாகப் பார்த்தார். உடைந்த கண்ணாடியை மறதி என்று ஒதுக்கினார். நாலு பேர் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கப்படுவதை மட்டும் கொடுமையாக உணர்ந்தார். முதல் இரண்டுக்கும் படிவத்தில் கட்டம் இருக்கிறது. அவர் நெஞ்சில் தைத்ததற்கு இல்லை.

2002-இல் உலக சுகாதார அமைப்பும் முதியோர் கொடுமைத் தடுப்புக்கான பன்னாட்டு அமைப்பும் சேர்ந்து, இந்தியா, கென்யா, பிரேசில், ஸ்வீடன் உட்பட எட்டு நாடுகளில் முதியவர்களையே குழுக்களாக உட்காரவைத்துப் பேசச் சொல்லிக் கேட்டன. அவர்கள் சொன்னவை மூன்று வகையில் அடங்கின: தனிமைப்படுத்தி ஒதுக்கிவைப்பது, உரிமைகளை மீறுவது, தங்களிடம் இருப்பதைப் பறிப்பது. பறிப்பது என்றால் பணம் மட்டுமில்லை. முடிவெடுக்கும் உரிமை, வீட்டில் இருந்த இடம், மரியாதை எல்லாமே அதில் வந்தன. அந்தப் பாட்டி சொன்னதும் இதைத்தான்.

28 நாடுகளில் நடந்த 52 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த கணக்கு 2017-இல் வெளியானது. 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர், முந்தைய ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு கொடுமைக்கு ஆளாகியிருந்தார். மனத்தை நோகடிப்பது 11.6 சதவீதம், பணச் சுரண்டல் 6.8, கவனிக்காமல் விடுவது 4.2, அடி உதை 2.6. "யாரும் அடிக்கல" என்ற பதில் பெரும்பாலும் உண்மைதான். அடியைத் தவிர மற்றதெல்லாம் அந்தப் பதிலுக்குள் மறைந்துவிடுகிறது. 24 சம்பவங்களில் ஒன்றுதான் வெளியே தெரிவிக்கப்படுகிறது என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது.

சின்ன ஊரில் வாய் திறப்பது இன்னும் கடினம். சுகாதாரப் பணியாளர் மருமகளோடு படித்தவராக இருப்பார். காவல் நிலையத்தில் இருப்பவர் மகனின் நண்பராக இருப்பார். காலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். "நான் வளர்த்த லட்சணம் அப்படின்னுதானே பேசுவாங்க" என்று ஒரு தாத்தா என்னிடம் சொன்னார். மகன் செய்ததற்கு அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மற்ற பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீடுகளில் இன்னொரு பயமும் உண்டு. இருக்கிற ஒருவனும் கோபித்துக்கொண்டு போய்விட்டால் ராத்திரியில் எழுப்பி மாத்திரை கொடுக்க யார் இருக்கிறார்கள்? இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. தன் நிலைமையை நன்றாக எடைபோட்டுத்தான் பேசாமல் இருக்கிறார்கள்.

"வேணும்னு செய்யல, அவளுக்கும் எத்தனை கஷ்டம்" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. அதில் உண்மை இருக்கிறது. ஓய்வே இல்லாமல் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஒரு கட்டத்தில் நொறுங்கிப்போகிறார்கள். அவர்களுக்கு உதவினாலே நிலைமை மாறிவிடுகிற வீடுகள் உண்டு. ஆனால் பெரியவரின் பணத்தையும் வீட்டையும் நம்பியே பிழைக்கிறவர், குடிப்பழக்கம் உள்ளவர் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் அந்தச் சமாதானத்தை நான் ஏற்பதில்லை. அங்கே ஆபத்து அதிகம்.

அதனால் கேள்வியை மாற்றச் சொல்கிறேன். பொதுவாகக் கேட்காதீர்கள். பென்ஷன் யார் கையில் வருகிறது? கையெழுத்துப் போடச் சொன்னபோது என்னவென்று படித்துக் காட்டினார்களா? கடைசியாக எப்போது வெளியே போய் வந்தீர்கள்? வீட்டில் யாருடைய சத்தம் கேட்டால் பயமாக இருக்கிறது? பதில் சொல்லும்போது குடும்பத்தார் பக்கத்தில் இருக்கக் கூடாது. கேட்கும் ஒவ்வொன்றுக்கும் மகனோ மகளோ முந்திக்கொண்டு பதில் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உடல் மெலிவு, படுக்கைப் புண், மேல்கையின் உட்பக்கத்தில் கன்றிப்போன தடம், தீர்ந்தும் வாங்காத மாத்திரை இவற்றைக் கண்ணால் பாருங்கள். மறதி நோய் உள்ளவர்களிடம் கேள்வியை மட்டும் நம்பவே கூடாது.

சொல்லிவிட்டார் என்றால் அன்றைக்கே மகனைக் கூப்பிட்டுக் கண்டிக்கப் போகாதீர்கள். நீங்கள் போன பிறகு அவர் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அந்தப் பாட்டி கேட்டது கார்டையும், விருந்தாளி வரும்போது கூடத்தில் உட்காரும் உரிமையையும்தான். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அப்போது உள்ளூர் அறிமுகங்களை நம்பாமல் நேராக மாவட்ட அளவில் உள்ள அதிகாரிகளிடமோ பெரிய மருத்துவமனையிலோ தெரிவித்துவிடுங்கள்.