குடத்தடிக்கு அமுங்கும் குரல்

பாளையங்கோட்டையில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ரிப்பேர் பார்க்கிறேன். "சவுண்டு சரியில்லை" என்று செட்டைக் கொண்டுவருகிறவர்கள் பலரும் அதற்கு முன்பே ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்திருப்பார்கள். பவர் சப்ளை பக்கம் யாரும் திரும்புவதில்லை.

போன மாதம் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு பெரியவர், அசெம்பிள் செட் ஒன்றை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். வில்லுப்பாட்டுப் பிரியர். "தம்பி, குடத்துல அடி விழுதப்பல்லாம் பாடுதவரு குரல் அமுங்குது. என்னன்னு பாரும்" என்றார். பாதி வேலையை அவரே முடித்துவிட்டார்.

உள்ளே 12-0-12 டிரான்ஸ்பார்மர், அதாவது நடுக்கம்பிக்கு இரு பக்கமும் 12 வோல்ட் ஏசி தருவது. பாட்டு இல்லாதபோது மீட்டரில் பக்கத்துக்கு 17 வோல்ட் டிசி, அந்த 12 வோல்ட் ஏசியின் உச்சம் அது. குடம் ஒலித்ததும் முள் 11-க்குச் சரிகிறது.

நம்ம ஊர் குளத்துப் பாசனம்தான் இதுவும். ஏசியை டிசி ஆக்கும் டயோடு பிரிட்ஜைத் தாண்டும் கரண்ட், நொடிக்கு 100 தடவை விட்டு விட்டு வரும் கால்வாய்த் தண்ணீர். கெப்பாசிட்டர் குளம். ஆம்ப் மடை, பாட்டுக்கு ஏற்பத் திறந்துவிடும், அவ்வளவுதான். குடத்தடி போன்ற பாஸ் ஒலி கரண்டை மொத்தமாக இழுக்கும். குளம் வற்றினால் அலையின் தலை வெட்டுப்படும், கூடவே குரலும் கரகரக்கும். கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் கருகுவதும் பல நேரம் இதனால்தான்.

அவருடைய செட்டில் இருந்தவை 2200 மைக்ரோஃபாரட் (குளத்தின் கொள்ளளவு மாதிரி) கெப்பாசிட்டர்கள், தலை உப்பியவை. புதிதாக இருந்தாலே 2 ஆம்பியர் இழுக்கும்போது வோல்டேஜ் சுமார் 7 வோல்ட் ஆடும். 10,000 போட்டால் ஆட்டம் ஒன்றரை வோல்ட்டில் நிற்கும். சரி, இன்னும் பெரிதாகப் போடலாமே என்றால், சுவிட்ச் போட்டதும் பாயும் கரண்டில் பிரிட்ஜ் போய்விடும். அதோடு, கால்வாய் குறுகலாக இருக்கும்போது குளத்தை மட்டும் ஆழப்படுத்தி என்ன பயன்? டிரான்ஸ்பார்மரில் 5 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. பிரித்தால் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி. பெட்டியில் 1000 வாட் ஸ்டிக்கர் வேறு! 12-0-12-இல் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 15 வாட் தேறினாலே பெரிது.

சாயங்காலம் லைனில் 230 வோல்ட் 190-க்கு இறங்கினால் அந்த வாட்டிலும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதற்கு ஆம்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். தீப்பொறி கண்ணில் தெறிக்கும். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

செம்புச் சுற்று டிரான்ஸ்பார்மரும் புது கெப்பாசிட்டர்களும் போட்டு, அவருடைய பாட்டையே வைத்தேன். குடம் தும்மென்று விழுந்தது, குரல் அசையவில்லை. பெரியவர் கிளம்பும்போது ஒற்றைக் கையால் தூக்கப் பார்த்தார், வரவில்லை. "என்ன தம்பி, உள்ள கல்லை வச்சு அடைச்சிட்டீரா?" என்றார்.