பிரேக் போட்டால் ரோபோ ரீசெட் ஆகிறதா?

ஓடும்வரை ஒழுங்காக ஓடும். நிறுத்தும் நொடியில் கன்ட்ரோலர் (ரோபோவை இயக்கும் சிறு கணினி) ரீசெட் ஆகும், இல்லையென்றால் சக்கரச் சுழற்சியை எண்ணும் என்கோடரின் எண்ணிக்கை தாறுமாறாக எகிறும். உடனே புரோகிராமைக் குடையாதீர்கள், மோட்டார் வயரைப் பாருங்கள்.

சுழலும் டிசி மோட்டார் ஒரு ஜெனரேட்டரும்தான். 12 வோல்ட் மோட்டாரின் சுருள் மின்தடை 1.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் அது சுமார் 11 வோல்ட் எதிர் மின்னழுத்தம் (சுழற்சியால் அதிலேயே உண்டாகி, வழங்கும் மின்சாரத்தை எதிர்ப்பது) தரும். மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சர்க்யூட்டான டிரைவரில், கிரவுண்ட் (பேட்டரியின் மைனஸ்) பக்கமுள்ள டிரான்சிஸ்டர் இரண்டையும் ஆன் செய்து முனைகளை ஷார்ட் செய்தால் 7 ஆம்பியர் பாய்ந்து சக்கரத்தைப் பிடிக்கும். அது டிரைவருக்குள்ளேயே சுற்றும், பேட்டரிக்குப் போகாது. அவசரத்தில் திசையைத் திருப்பினாலோ 12ம் 11ம் கூடி 23 வோல்ட், 15 ஆம்பியர். சேனலுக்கு 2 ஆம்பியர் மட்டுமே தாங்கும் எல்298 டிரைவர் சிப் பாவம், என்ன செய்யும்? வேகத்தைப் படிப்படியாக இறக்கிவிட்டுத் திசை மாற்றுங்கள்.

அந்த 15 ஆம்பியர் 20 மில்லிஓம் உள்ள கிரவுண்ட் வயரில் போனாலே 0.3 வோல்ட் எழும். சென்சாரும் அதே வயரில் இருந்தால் அதன் 'பூஜ்ஜியம்' நகர்ந்துவிடும். ஆகவே மோட்டார் கிரவுண்டும் கன்ட்ரோலர் கிரவுண்டும் தனித்தனியே வந்து பேட்டரி முனை அருகே மட்டும் சேரட்டும். டிரைவர் மின்முனையை ஒட்டி 470 முதல் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள். அடாப்டரில் ஓட்டினால் கூடுதல் கவனம் தேவை: முனைகளை ஷார்ட் செய்யாமல் வேகத்தை இறக்கும்போது திரும்பி வரும் ஆற்றலைப் பேட்டரி வாங்கிக்கொள்ளும், அடாப்டர் வாங்காது, மின்னழுத்தம் ஏறும்.

மோட்டாருக்குள் உரசும் பிரஷ்ஷில் பறக்கும் தீப்பொறி கிளப்பும் மின் இரைச்சல் வேறு கதை. 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் மூன்று போதும்: முனைகளுக்கிடையே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடலுக்கு ஒவ்வொன்று. மோட்டாரிலேயே சால்டர் செய்யுங்கள். போர்டில் வைத்தால் இடையிலுள்ள வயர் முழுதும் ஆன்டெனா. பெரிய கெபாசிட்டர் இன்னும் நல்லதென்று போடாதீர்கள், வேகத்தைக் கட்டுப்படுத்த மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் ஒவ்வொரு பிடபிள்யூஎம் துடிப்பிலும் டிரைவர் அதை நிரப்பியே சூடாகும்.

மோட்டார் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்குங்கள். என்கோடர் வயர் அதன்கூட ஒரே கட்டில் போகக் கூடாது, கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஓப்பன் கலெக்டர் என்கோடருக்கு (சிக்னலைக் கீழே இழுக்க மட்டுமே தெரிந்தது) கன்ட்ரோலரில் உள்ளமைந்த புல்-அப் (சிக்னலை மேலே இழுக்கும் மின்தடை) பலவீனம், வெளியே 4.7 கிலோஓம் போடுங்கள்.

எது குற்றவாளி என்று பிரித்தறிய, கிரவுண்டை இணைத்தபடியே கன்ட்ரோலருக்கு மட்டும் தனி பேட்டரி கொடுத்துப் பாருங்கள். ரீசெட் நின்றால் கோளாறு மின்வழங்கலில். எண்ணிக்கை மட்டும் இன்னும் எகிறினால் வயர் போகும் பாதையிலோ கிரவுண்டிலோ. இந்தச் சோதனையைச் சக்கரம் தரையில் பட, முழு எடையோடு செய்யுங்கள். தூக்கி வைத்துச் சுழற்றினால் பல கோளாறுகள் தலைகாட்டாது.