கீலேஷன்: சொல்லும் பொருளும்

'ஆபரேஷன் வேண்டாம், ஸ்டென்ட் வேண்டாம், கீலேஷன் போதும்' என்கிற பாணி விளம்பரம் இதய நோயாளி இருக்கும் வீடுகளுக்குப் புதிதல்ல. சிலர் 'செலேஷன்' என்றும் அச்சடிக்கிறார்கள். பக்கத்திலேயே தமிழில் 'இரத்தக்குழாய் சுத்திகரிப்பு' என்றோ 'அடைப்பு நீக்கும் சிகிச்சை' என்றோ போட்டிருக்கும். படிப்பவர்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கீலேஷன் என்ற சொல்லில் இரத்தமும் இல்லை, குழாயும் இல்லை, அடைப்பும் இல்லை. அதில் இருப்பது நண்டின் கொடுக்கு.

கிரேக்கத்தில் 'கீலே' என்றால் நண்டு இரையைக் கவ்விப் பிடிக்கும் கொடுக்கு. ஒரு மூலக்கூறு ஓர் உலோக அணுவை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பிடித்து வளையமாகச் சூழ்ந்துகொள்வதுண்டு. அதைக் குறிக்க ஒரு பெயர் தேவைப்பட்டபோது, கில்பர்ட் மார்கன், ஹாரி ட்ரூ என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1920-இல் இந்தக் கிரேக்கச் சொல்லை எடுத்து 'கீலேட்' என்று வைத்தார்கள். அப்படிப் பிடிப்பதுதான் கீலேஷன். நண்டு வகை உயிரிகளின் பெரிய கொடுக்கை மனத்தில் வைத்தே பெயரிட்டதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆகவே உச்சரிப்பு 'கீ'தான், 'செ' அல்ல. காயம் ஆறிய பிறகு தழும்பு புடைத்து, சுற்றியுள்ள தோலுக்குள்ளும் பரவுமே, அந்தக் 'கீலாய்டு' என்ற பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

உடம்புக்குள்ளேயே கொடுக்குப் பிடிகள் ஏராளம். ஹீமோகுளோபினில் இரும்பு அப்படித்தான் பிடிபட்டிருக்கிறது. இலையின் பச்சையத்தில் மெக்னீசியமும், வைட்டமின் பி12-இல் கோபால்ட்டும் அப்படியே. ஆனால் விளம்பரத்தில் வரும் கீலேஷனுக்குப் பின்னால் இருப்பது ஈடிடிஏ என்ற செயற்கைப் பொருள். ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் முன்ஸ் 1935-இல் உருவாக்கியது. துணிச் சாயத் தொழிலில் தண்ணீரிலுள்ள கால்சியத்தைக் கட்டிப்போட ஒரு பொருள் தேவைப்பட்டது, அதற்காகப் பிறந்தது இது. ஓர் உலோக அணுவை ஆறு முனைகளால் பற்றிக்கொள்ளும்.

நம் ஊரிலும் இது தெரியாத பொருள் அல்ல. உரக்கடையில் 'சிலேட்டட் ஜிங்க்' என்று கேட்டு வாங்கும் நுண்ணூட்டம் பெரும்பாலும் ஈடிடிஏ பிடித்துவைத்த துத்தநாகம்தான். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊதா மூடி போட்ட சிறு குழாயைப் பார்த்திருப்பீர்கள். அதன் உள்சுவரில் ஈடிடிஏ உப்பு பூசியிருக்கும். இரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ அதைப் பிடித்துக்கொள்வதால் குழாய்க்குள் இரத்தம் உறையாது. ஊதாக் குழாயை முதலில் நிரப்பி, அதிலிருந்து துளி அடுத்த குழாய்க்குப் போய்விட்டால், நல்ல உடம்போடு இருப்பவருக்கும் கால்சியம் படுமோசமாகக் குறைந்திருப்பதாக அறிக்கை வரும். அதனால்தான் எந்த நிற மூடிக்குப் பிறகு எது என்று வரிசை வைத்திருக்கிறார்கள். ஒரு துளிக்கே இந்த வேகம்!

இது இதயத்துக்கு எப்படி வந்தது? 1950-களில் ஈய நஞ்சு ஏறியவர்களுக்கு ஈடிடிஏ கொடுத்து ஈயத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றினார்கள். அது நல்ல மருத்துவம், இன்றும் நடக்கிறது. தமனியில் படியும் தடிப்பில் கால்சியமும் உண்டு, இதுவோ கால்சியத்தைப் பிடிக்கிறது, அப்படியானால் அடைப்பும் கரையுமே என்று சிலர் எண்ணினார்கள். டெட்ராய்ட் நகரத்தில் நார்மன் கிளார்க் என்ற மருத்துவர் நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் தெரிவதாக 1956-இல் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத குழு எதுவும் அதில் இல்லை. முதலில் ஆதரித்து எழுதிய கிட்செல், மெல்ட்சர் என்ற இருவரும் 1963-இல் மறுபடி ஆராய்ந்துவிட்டு, இதைப் பரிந்துரைக்க முடியாது என்றார்கள். ஆனால் கருத்து அதற்குள் மருத்துவமனையை விட்டுத் தனியார் கிளினிக்குகளுக்குப் போய்விட்டது.

கோளாறு அந்த எண்ணத்திலேயே இருக்கிறது. தமனித் தடிப்பு குழாயின் உட்பரப்பில் ஒட்டிய உப்பல்ல, சுரண்டி எடுப்பதற்கு. கெட்ட கொழுப்பு சுவரின் உள்ளே நுழைந்து தங்குகிறது. அதை விழுங்கிய செல்கள் கொழுப்பு நிரம்பி உப்புகின்றன, அழற்சி உண்டாகிறது, மேலே நார்த்திசு மூடி போடுகிறது. கால்சியம் சேர்வது இதற்குப் பின்னால் நடப்பது. அதுவும் படிகமாக இறுகிக் கிடக்கும். நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றும் ஈடிடிஏ பிடிப்பது இரத்தத்தில் கரைந்து ஓடும் கால்சியத்தை. அது குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும்.

பிறகு ஆதரவாளர்கள் விளக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். கால்சியம் அல்ல, ஈயமும் காட்மியமும்தான் தமனியைக் கெடுக்கின்றன, அவற்றை எடுத்தால் இதயம் தேறும் என்றார்கள். இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. அந்த உலோகங்களுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்மையிலேயே உண்டு. அமெரிக்க அரசின் பணத்தில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. மாரடைப்பு கண்ட, 50 வயது கடந்த 1,708 பேர். 40 முறை நரம்பு வழியே ஏற்றினார்கள். பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் நீர்மம். முடிவு 2013-இல் வெளியானது. மரணம், மாரடைப்பு, பக்கவாதம், மறுபடி ஸ்டென்ட் அல்லது பைபாஸ், நெஞ்சுவலியால் மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் கீலேஷன் பக்கம் 26%, மறுபக்கம் 30%. மரணத்தில் மட்டும் பார்த்தால் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சர்க்கரை நோயாளிகளிடம் இடைவெளி பெரிதாக இருந்தது. விளம்பரங்களுக்கு இது போதுமானதாக இருந்தது.

ஆய்வை நடத்திய ஜெர்வாசியோ லாமாஸ் குழுவினர் அத்தோடு நிற்கவில்லை. அவர்களை நான் மதிப்பது இதனால்தான். மாரடைப்பு கண்ட சர்க்கரை நோயாளிகள் சுமார் 1,000 பேரை மட்டும் சேர்த்து மீண்டும் சோதித்தார்கள். 2024-இல் வந்த முடிவு: கீலேஷன் பக்கம் 35.6%, மறுபக்கம் 35.7%. இரத்தத்தில் ஈயம் 61% குறைந்திருந்தது. கொடுக்கு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. இதயத்துக்கு அதனால் பலன் கிடைக்கவில்லை.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஈடிடிஏ-இல் இரண்டு உப்புகள் உண்டு. ஈய நஞ்சுக்குக் கொடுப்பது கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ. அதன் பிடியில் ஏற்கெனவே கால்சியம் இருப்பதால், அதை விட்டுவிட்டு ஈயத்தைப் பற்றும். இதயக் கீலேஷனுக்கு ஏற்றுவது வெறும் டைசோடியம் ஈடிடிஏ. வேகமாக ஏற்றினால் இரத்தக் கால்சியம் சரிந்து, கைகால் இழுத்து, இதயமே நின்றுவிடலாம். 2003-க்கும் 2005-க்கும் இடையில் அமெரிக்காவில் இப்படி மூன்று பேர் இறந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. இருவர் குழந்தைகள். பெயரில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். ஈய சிகிச்சைக்கு வந்த குழந்தைக்கே உப்பு மாறிப்போயிருக்கிறது. பெயரை இவ்வளவு தூரம் துருவுகிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இனி தமிழ்ச் சொல். வேதியியலில் 'கொடுக்கிணைப்பு' என்று வழங்குகிறது, நல்ல சொல். ஒரே ஒரு இடறல்: நமக்குக் கொடுக்கு என்றதும் தேள் முதலில் நினைவுக்கு வரும். தேளின் கொடுக்கு வாலில் இருப்பது, கொட்டுவது. கிரேக்கர்களுக்கோ தேளிலும் 'கீலே' முன்னால் இருக்கும் கவ்வுறுப்புதான். துலாம் ராசி விண்மீன்களையே அவர்கள் பக்கத்து விருச்சிகத்தின் கொடுக்குகளாகத்தான் முதலில் கண்டார்கள். இங்கே நமக்கு வேண்டியது பிடிக்கிற கொடுக்கு, கொட்டுகிற கொடுக்கல்ல. 'இடுக்கி இணைப்பு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். குழப்பம் இல்லைதான், ஆனால் நண்டு போய்விடுகிறது. எனக்குக் கொடுக்கிணைப்பே பிடித்திருக்கிறது.

சிகிச்சைக்கு இந்தச் சொல்லை இழுக்க வேண்டாம். 'உலோக நீக்கச் சிகிச்சை' என்று எழுதலாம். அது செய்வது அதைத்தான். அப்படி எழுதியிருந்தால், "எனக்கு அடைப்புதானே இருக்கிறது, உலோகத்தை ஏன் எடுக்கிறீர்கள்?" என்று நோயாளியே கேட்டுவிடுவார். 'அடைப்பு நீக்கம்' என்று போடும்போது அந்தக் கேள்வி எழவே வழியில்லை.

கடைசியாக, சத்து மாத்திரைப் புட்டிகளில் வரும் 'கீலேட்டட்'. இது எதிர்த்திசை: உலோகத்தை வெளியே எடுப்பதற்கல்ல, உள்ளே கொண்டுபோவதற்கு. கீலேட்டட் மெக்னீசியம் என்றால் அமினோ அமிலம் கொடுக்கிணைத்த மெக்னீசியம். வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்பதற்காகப் பலர் வாங்குகிறார்கள். தமனி அடைப்போடு அதற்குச் சம்பந்தமில்லை. வாங்குபவர்கள் முன்பக்கத்துப் பெரிய எண்ணைப் பார்க்காமல் பின்பக்கம் பாருங்கள். மெக்னீசியம் பிஸ்கிளைசினேட் 500 மில்லிகிராம் என்று இருந்தால், அதில் மெக்னீசியம் என்ற தனிமம் ஏறக்குறைய 70 மில்லிகிராம்தான். மிச்சமெல்லாம் அதைப் பிடித்திருக்கும் கிளைசினின் எடை.