கொதித்துக்கொண்டே குளிரும் செப்புத் துண்டு

மட்டக்களப்பு, கல்லடியில் உயர்தரம் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டின் பின்பக்கம் பழைய பிரிட்ஜ் ஒன்று கிடக்கிறது. அதன் கொம்பிரசரைக் கழற்றி, என் கணினியின் புரொசசரைப் பூச்சியத்துக்குக் கீழே குளிரவைக்க முடியுமா சேர்?"

முடியும். 1976 இல் வந்த கிரே-1 மீக்கணினியே ஃபிரியான் என்ற குளிரூட்டும் பொருள் ஓடும் குழாய்களால்தான் குளிர்விக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டளவில் கொம்பிரசர் பொருத்திய மேசைக் கணினிகளும் விற்பனைக்கு வந்தன. குளிர்ந்த சிலிக்கனில் மின்கசிவு குறையும். அதனால் புரொசசரை இன்னும் வேகமாக ஓட்டலாம்.

பிரிட்ஜின் சுற்று பாடசாலையில் படித்ததுதான். கொம்பிரசர் வாயுவை அமுக்குகிறது. பின்பக்கத்துக் கறுப்புக் குழாய்களில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. மயிரளவுத் துளையுள்ள செப்புக் குழாயொன்றின் வழியாக நெருக்குண்டு வெளியே வரும்போது அமுக்கம் சட்டென விழுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதற்கு அடுத்ததுதான்.

நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், அங்கே காற்றின் அமுக்கம் குறைவு என்பதால். குளிரூட்டும் திரவத்துக்கும் அதே விதிதான். ஆர்-22 என்ற வாயு சாதாரண வளியமுக்கத்தில் மறை 41 பாகையளவில் கொதிக்கும். புரொசசரின் முதுகில் இறுக்கிய, உள்ளே குடைந்த செப்புத் துண்டொன்றை நினைத்துப் பாருங்கள். அதற்குள் இந்தத் திரவம் குமிழியிட்டுக் கொதிக்கிறது. சோற்றுப் பானையின் கீழ் எத்தனை விறகைத் தள்ளினாலும் தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது, கொதிதான் கூடும். இங்கே விறகு புரொசசர். அது கூடுதலாகச் சுட்டால் திரவம் கூடுதலாகக் கொதிக்கும். அமுக்கம் மாறாதவரை செப்பின் குளிர் அசையாது. ஒரு கிராம் ஆர்-22 ஆவியாக ஏறத்தாழ 200 யூல் வேண்டும். ஆகவே 200 வாற்று வெப்பம் கக்கும் புரொசசரை அடக்க, விநாடிக்கு ஒரு கிராமுக்குச் சற்று அதிகமான திரவம் கொதித்தால் போதும். இரண்டு மூன்று சிட்டிகை உப்பின் எடை! எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

ஆனால் சிறிய பிரிட்ஜ் கொம்பிரசர்கள் பல, நூறு, நூற்றைம்பது வாற்றுக்கு மேல் இடைவிடாமல் இழுக்கமாட்டா. அதைவிடப் பெரிய தொல்லை நம்முடைய காற்று. வாவிக்கரையில் 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள மாலையில் பனிபடுநிலை 26 பாகை. அதற்குக் கீழே குளிரும் எந்தப் பரப்பும் வியர்க்கும். குளிர்ந்த சோடாப் போத்தலின் அடியில் மேசை நனைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீர் புரொசசரின் கால்களுக்கு இடையே இறங்கினால் தாய்ப்பலகை கருகிவிடும். இதைச் செய்பவர்கள் செப்புத் துண்டைச் சுற்றிக் காற்றுப் புகாத றப்பர் நுரையை அடைத்து, இடுக்குகளில் மின் கடத்தாத கிறீஸ் பூசுகிறார்கள்.

இனி வாயுவுக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுப் பழைய பிரிட்ஜைத் திருத்த வந்தவர் முதலில் செய்த வேலை, குறட்டால் செப்புக் குழாயை நறுக்கியது. 'உஸ்' என்ற சத்தம். குழாயின் வாயில் வெண்பனி பூத்தது. நான் அந்தப் பனியைத் தொட்டு மகிழ்ந்துகொண்டு நின்றேன். போனது ஆர்-12 என்ற பழைய குளிரூட்டும் வாயு என்பது பின்னர்தான் உறைத்தது. இன்றும் அது உறுத்துகிறது.

ஆர்-12 இன் மூலக்கூறு நூறு வருடமளவு வளிமண்டலத்தில் தங்கும். மேலே போய் ஊதாக்கடந்த கதிரில் உடைந்து குளோரீனை விடும். ஓர் அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கும். இரசாயனவியலாளர்கள் ரோலண்டும் மொலினாவும் இதை 1974 இலேயே எழுதினார்கள். அந்தாட்டிக்கா மேலுள்ள ஓசோன் துளை 1985 இல் வெளிப்பட்டது. 1987 இல் ஓசோனைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன்படி வளர்முக நாடுகளில் ஆர்-12 வகை 2010 இல் நிறுத்தப்பட்டது. ஆர்-22 வகை படிப்படியாகக் குறைந்து, 2030 இல் பழைய இயந்திரங்களின் பராமரிப்புக்கு மட்டும் சிறு அளவு மிஞ்சும். பின்னர் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் காபனீரொட்சைட்டைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அதனால் 2016 இல் அந்த உடன்படிக்கைக்கு வந்த கிகாலித் திருத்தம் இந்த வாயுவின் மீதும் கை வைத்தது.

இந்த விதிகள் கொழும்பில் கோப்புகளாக இருந்தால் போதாது. வாயுவை உறிஞ்சிச் சிலிண்டரில் சேமிக்கும் மீட்பு இயந்திரம் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் திருத்துநர்களின் கைக்கு எட்ட வேண்டும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆய்வுப் பணத்தில் ஒரு பங்கை இந்தப் பயிற்சிக்கு ஒதுக்குவது வீணாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

தம்பி, கொம்பிரசரில் ஒட்டியிருக்கும் தகட்டை முதலில் வாசியுங்கள். ஆர்-12 என்றிருந்தால் குழாயில் கை வைக்காதீர்கள். மீட்பு இயந்திரம் வைத்திருப்பவரைத் தேடுங்கள். ஆர்-600ஏ என்றிருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், அதாவது லைட்டரில் எரியும் வாயுவின் நெருங்கிய உறவு. பற்றாசுச் சுடரை அதனருகே கொண்டுபோகவே கூடாது.