"பழகிப் போச்சு தம்பி"

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் ஓர் அம்மாவுக்கு இரண்டு மாத்திரை கொடுத்தும் பிரஷர் இறங்கவில்லை. தூக்கம் எப்படி என்று கேட்டேன். "படுத்தா தூங்கிடுவேன் தம்பி. விடிஞ்சா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு." ராத்திரி வீட்டில் என்ன சத்தம் கேட்கும் என்றதற்கு, "ஒண்ணுமில்லையே" என்றார்.

கூட வந்த மருமகள் சிரித்துவிட்டார். கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தண்ணீர் மோட்டார். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் நடுராத்திரியிலும் தானாக ஓடும். மாமனாருக்குக் காது மந்தம் என்பதால் ஹாலில் பன்னிரண்டு மணிவரை டிவி அலறும். "அதெல்லாம் பழகிப் போச்சு தம்பி" என்றார் அம்மா.

எனக்கு இந்த வார்த்தையோடுதான் சண்டை. மனசு பழகிவிடும், உடம்பு அவ்வளவாகப் பழகுவதில்லை. தூங்கும்போதும் காது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். மோட்டார் திடீரென்று உறுமினால், நாம் விழிக்காவிட்டாலும் மூளை அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்களைச் சுரக்க வைக்கும். நாடி எகிறும், ரத்தக் குழாய் சுருங்கும், ஆழ்ந்த தூக்கம் மேலோட்டமாகும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் ரத்தக் கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. படுக்கையறையில் சத்தம் 30 டெசிபலுக்கு (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே சொல்லிவிட்டது. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் நம் வீட்டு மோட்டாரை நாம்தானே கவனிக்க வேண்டும்?

காது கெடுவது வேறு கணக்கு. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் எல்லை; 3 டெசிபல் கூடினால் அது பாதியாகும். சட்னி அரைக்கும் மிக்சிக்குப் பயப்பட வேண்டாம். நாள் முழுக்க மில்லில் நிற்பவர்கள் பயப்படத்தான் வேண்டும். சத்தத்தை உணரும் உள்காதின் மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைக்காது.

வீடுகளும் மாறிவிட்டன. ஓட்டு வீட்டில் பாதிச் சத்தம் முற்றம் வழியே வெளியே போய்விடும். இப்போது கான்கிரீட், டைல்ஸ், வெறுஞ்சுவர். ஒரு தம்ளர் விழுந்தாலே கும்பகோணம் பாத்திரக் கடைக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது. கனமான திரைச்சீலை, தரையில் ஜமுக்காளம், துணி அலமாரி எல்லாம் எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும்.

அந்த வீட்டுக்கு நான் சொன்னது மூன்றே விஷயம்: கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள், மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்துப் பகலில் மட்டும் ஓட விடுங்கள், மாமனாரைக் காது டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது பிரஷர் ஓரளவு இறங்கியிருந்தது. உப்பையும் குறைத்திருந்தார், அதனால் எல்லாப் பெருமையையும் மோட்டாருக்கே கொடுக்க மாட்டேன். அம்மாவுக்குத்தான் புதுக் குறை: "இப்பல்லாம் இவரு குறட்டை நல்லா கேக்குது தம்பி."